வரவேற்பறைக்குள் அரசு

(வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



1981ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் தேதி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மக்களவைக்கு ஒரு சிறிய மசோதா வந்தது. கொண்டுவந்தவர் தொழிற்கட்சி உறுப்பினர் ஜார்ஜ் ஃபோல்க்ஸ். மதுக்கடைகளிலும் மற்றக் கடைகளிலும் காசு போட்டு ஆடும் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' போன்ற மின்னணு விளையாட்டு இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களுக்குத் தர வேண்டும் என்று அவர் கேட்டார். பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுகிறார்கள், ஆடக் காசு இல்லாமல் திருடுகிறார்கள், அந்தத் திரைக்கு அடிமையாகிவிட்டார்கள் என்றார். எதிர்த்துப் பேச எழுந்தவர் கன்சர்வேட்டிவ் கட்சியின் மைக்கேல் பிரவுன். அரைக் கோப்பை பியரும் பத்து பென்ஸ் நாணயமுமாக நானும் மதுக்கடையில் இதை ஆடி மகிழ்ந்தவன்தான், அதில் எந்தக் குற்றமும் இல்லை என்று அவையிலேயே சொன்னார். வாக்கெடுப்பில் மசோதாவுக்கு ஆதரவு 94, எதிர்ப்பு 114. மசோதா தோற்றது.

உழைத்த மனிதன் தன் பத்துக் காசை எதில் செலவழித்தால் அரசுக்கு என்ன என்ற கேள்வி, பழமைவாதக் கட்சிக்காரரான பிரவுனின் பேச்சுக்குள் இருந்தது. அந்தக் கேள்வியை இன்றைக்கும் நான் மதிக்கிறேன். பிறகு வந்த நாற்பது ஆண்டுகளில் அவருடைய கட்சியும், அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் அதன் சகோதரக் கட்சியான குடியரசுக் கட்சியும் இந்தக் கேள்வியை எப்படியெல்லாம் மறந்தன, எப்போது நினைவுக்குக் கொண்டுவந்தன என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன். கணினி விளையாட்டு சின்ன விஷயம் என்று யாராவது நினைத்தால், அந்த எண்ணத்தைக் கொஞ்ச நேரம் தள்ளி வையுங்கள். ஒரு கட்சி சுதந்திரத்தை உண்மையிலேயே மதிக்கிறதா என்பதைப் பெரிய பிரகடனங்களில் தேடக் கூடாது. அந்தக் கட்சித் தலைவர்களுக்குப் பிடிக்காத, புரியாத, அவர்கள் ஆடாத ஒரு பொழுதுபோக்கின்மேல் அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பழமைவாதக் கட்சி என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு குடும்பம் சந்தையையும் சொத்தையும் நம்புகிறது. வரியைக் குறை, விதியைக் குறை, மனிதனை அவன் பாட்டுக்கு விடு என்கிறது. இன்னொரு குடும்பம் வீடு, மதம், ஒழுக்கம், பெரியவர்களின் அதிகாரம் என்று பேசுகிறது. சமூகம் சிதையாமல் இருக்க அரசு காவல் நிற்க வேண்டும் என்கிறது. வரி, ராணுவம், தொழிற்சங்கம் என்றால் இரண்டும் ஒரே மேடையில் ஒற்றுமையாக உட்காரும். பதினான்கு வயதுப் பையன் கையில் இருக்கும் விளையாட்டு என்று வந்ததும் தனித்தனியாகப் பிரிந்துவிடும். அன்றைய பிரிட்டிஷ் பிரதமர் மார்கரெட் தாட்சர் இரண்டு குடும்பங்களையும் தன் கட்சிக்குள் பிடித்து வைத்திருந்தவர். உள்ளாட்சி மன்றத்தின் வாடகை வீட்டில் இருந்தவர்கள் அந்த வீட்டையே வாங்கிக்கொள்ளலாம் என்று 1980இல் சட்டம் கொண்டுவந்ததும் அவருடைய ஆட்சிதான். வீட்டுக்குள் எந்த வீடியோ கேசட் ஓடலாம் என்பதை முடிவு செய்ய வந்ததும் அதே ஆட்சிதான்.

1984ஆம் ஆண்டைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். பிரிட்டனில் அப்போது வீட்டுக் கணினிகளின் காலம். பி.பி.சி. மைக்ரோ 1981இல் வந்தது, ஸின்க்ளேரின் ஸ்பெக்ட்ரம் 1982இல். பள்ளிகளுக்குக் கணினி வாங்க அரசே பாதிச் செலவை ஏற்றது. பிள்ளை படிக்கட்டும் என்று பெற்றோர் வாங்கிக் கொடுத்தார்கள், பிள்ளைகள் விளையாடினார்கள், பிறகு தாங்களே விளையாட்டுகளை எழுதினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இருவர், டேவிட் பிரேபனும் இயன் பெல்லும், 'எலீட்' என்ற விளையாட்டை வெளியிட்டார்கள்.

அதை ஆடாதவர்களுக்காகக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். கறுப்புத் திரையில் வெள்ளைக் கோடுகளால் வரைந்த விண்கலம் ஒன்று உங்களுக்குச் சொந்தம். லேவ் என்ற கிரகத்தின் நிலையத்தில் நிற்கிறீர்கள், கையில் 100 கிரெடிட் பணம். கதை கிடையாது. காப்பாற்ற வேண்டிய இளவரசி கிடையாது. யாரும் கட்டளையிடுவதில்லை. விவசாயக் கிரகத்தில் உணவுப் பொருள் மலிவு, தொழில் வளர்ந்த கிரகத்தில் கணினி மலிவு. இங்கே வாங்கி அங்கே விற்றால் லாபம். போதைப் பொருள், அடிமை வணிகமும் பட்டியலில் உண்டு, ஆனால் பிடிபட்டால் காவல் கப்பல்கள் துரத்தும். எட்டு விண்மீன் மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் 256 கிரகங்கள். இவ்வளவையும் 32 கிலோபைட் நினைவகம் கொண்ட கணினியில் அடக்கியிருந்தார்கள். அதுவரை வந்த பெரும்பாலான விளையாட்டுகள் மூன்று உயிர் கொடுத்து, புள்ளி எண்ணி, பத்து நிமிடத்தில் முடித்து அனுப்பிவிடும். இதுவோ 'உன் வாழ்க்கையை நீயே நடத்திக்கொள், விளைவையும் நீயே சுமந்துகொள்' என்றது. தனிமனித முயற்சியைப் பற்றி அந்த ஆட்சி பேசிய எந்த மேடைப் பேச்சையும்விட, அந்தத் தலைமுறைப் பையன்கள் இதில் அதிகம் கற்றிருப்பார்கள் என்று நம்புகிறேன். கெட்ட வணிகத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பும் அதில் இருந்ததால்தான் நல்ல வணிகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அர்த்தம் இருந்தது.

அதே 1984இல் ஷெஃபீல்டிலிருந்து 'வான்டட்: மான்டி மோல்' என்று இன்னொரு விளையாட்டு வந்தது. சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் உச்சத்தில் இருந்த நேரம். அதன் நாயகன், குளிர்காலத்துக்கு நிலக்கரி திருடப் போகும் ஒரு துன்னெலி. சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் கேலிச்சித்திரமாக உள்ளே வருவார். செய்தித்தாளில் மை காய்வதற்குள் அரசியல் விளையாட்டுக்குள் வந்துவிட்டது. விளையாட்டு வெறும் பொம்மையாக இருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது. பேச்சும் எழுத்தும் செய்யும் வேலையை அது அப்போதே செய்யத் தொடங்கியிருந்தது.

அந்த ஆண்டு ஜூலையில்தான் வீடியோ பதிவுகள் சட்டம் நிறைவேறியது. கொண்டுவந்தவர் கன்சர்வேட்டிவ் உறுப்பினர் கிரஹாம் பிரைட். கொடூரப் படங்கள் கேசட் வழியாக வீட்டுக்குள் வருகின்றன என்று செய்தித்தாள்கள் கிளப்பிய பீதியில் பிறந்த சட்டம் அது. எந்தக் கேசட்டும் தணிக்கை வாரியத்தின் சான்று பெறாமல் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று ஆனது. விளையாட்டுகளுக்குப் பொதுவாக விலக்கு கொடுத்தார்கள், ஆனால் கடுமையான வன்முறையோ பாலியலோ இருந்தால் விலக்கு போய்விடும். 1997இல் 'கார்மகெடன்' வந்தபோது அந்த வரி வேலை செய்தது. நடந்து போகிறவர்கள்மேல் கார் ஏற்றினால் புள்ளி தரும் விளையாட்டு அது. எனக்குப் பிடித்தது இல்லை, யாருக்கும் வாங்கிக் கொடுக்கவும் மாட்டேன். வாரியம் சான்று தர மறுத்தது. நிறுவனம் மனிதர்களை எடுத்துவிட்டுப் பச்சை ரத்தம் கொட்டும் நடைப்பிணங்களைப் போட்டு விற்றது. மேல்முறையீட்டுக் குழு பிறகு அந்த மறுப்பையே ரத்து செய்தது. ரத்தத்தின் நிறத்தை மாற்றியதால் எந்தப் பிள்ளை காப்பாற்றப்பட்டது? இந்தக் கேள்விக்குத் தடை கேட்டவர்கள் ஒருபோதும் நேராகப் பதில் சொன்னதில்லை.

2009இல் இன்னொரு விஷயம் தெரியவந்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டத்தை ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்க வேண்டியிருந்தது. அதை யாரும் செய்யவில்லை. கால் நூற்றாண்டாக மக்களைத் தண்டித்துவந்த சட்டத்தை அமல்படுத்தவே முடியாது என்று ஆனது. 2010 ஜனவரியில் அவசரமாக மீண்டும் நிறைவேற்றினார்கள். மனிதர்களின் வீட்டுக்குள் வரும் சட்டத்தை எவ்வளவு அசட்டையாக எழுதியிருக்கிறார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

சாதாரண மக்கள் என்ன நினைத்தார்கள்? இங்கிலாந்தில் நான் சில காலம் தங்கியிருந்த வீட்டின் உரிமையாளர் ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். வாழ்நாள் முழுக்கக் கன்சர்வேட்டிவுக்கு ஓட்டுப் போட்டவர். தாட்சர் காலத்துச் சட்டத்தால் உள்ளாட்சி வீட்டைச் சொந்தமாக்கிக்கொண்டவர்களில் ஒருவர். தினமும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கணினியில் கால்பந்து மேலாளர் விளையாட்டு ஆடுவார். மூன்றாம் தரக் குழு ஒன்றை மேலே கொண்டுவருவதுதான் அவருடைய லட்சியம். "என் வரவேற்பறையில் நான் என்ன செய்கிறேன் என்பதில் அரசாங்கத்துக்கு ஒரு வேலையும் இல்லை" என்பார். பேரன் வந்து துப்பாக்கி விளையாட்டைப் போட்டதும், "இதையெல்லாம் யாராவது தடை செய்தால் தேவலை" என்பார். இரண்டையும் ஒரே மாலையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சொல்லுவார். அவரை முரண்பாடு உள்ளவர் என்று நான் நினைத்ததில்லை. முதல் வாக்கியத்தில் அவர் குடிமகன், இரண்டாவதில் தாத்தா. ஆனால் தாத்தாவின் கவலையை எடுத்துக்கொண்டு போய்ச் சட்டமாக்கும் கட்சி, குடிமகனாக அவர் சொன்னதைக் கேட்கத் தவறிவிடுகிறது. பேரனின் கையிலிருந்து அந்த விளையாட்டை வாங்கி வைக்கும் அதிகாரம் அவருக்கு ஏற்கெனவே இருந்தது. சில நாள் வாங்கியும் வைத்தார்.

பின்னாளில் பிரதமரான கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர் போரிஸ் ஜான்சன் 2006 டிசம்பரில் பத்திரிகையில் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. கணினி விளையாட்டுகள் பிள்ளைகளின் மூளையை அழுகச் செய்கின்றன, வாசிப்பைக் கெடுக்கின்றன, பெற்றோர்கள் தைரியமாக மின்செருகியைப் பிடுங்க வேண்டும் என்று எழுதினார். அவருடைய கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனாலும் செருகியைப் பிடுங்கச் சொன்னது பெற்றோரிடம் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த அளவில் அது நேர்மையான பழமைவாதம். சில ஆண்டுகள் கழித்து அவருடைய கட்சியின் ஆட்சியே விளையாட்டுத் தொழிலுக்கு வரிச் சலுகை கொடுத்தது, 2014 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. வயதுக் குறிப்பு முறையும் 2012 ஜூலையில் தெளிவாயிற்று. ஐரோப்பா முழுக்கப் பொதுவான பெகி குறிகளில் 12, 16, 18 என்று போட்டிருந்தால், அந்த வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கடைக்காரர் விற்கக் கூடாது. வாங்கிய பிறகு வீட்டில் யார் ஆடுவது என்பது வீட்டார் பாடு. எனக்கு இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

இனி அமெரிக்கா. நம் கேள்வியை எல்லாரையும்விட ஆழமாகக் கேட்டது அங்கே உச்ச நீதிமன்றம்தான், அதனால் அங்கே கொஞ்சம் அதிக நேரம் இருப்போம்.

2005இல் கலிஃபோர்னியா மாநிலம் ஒரு சட்டம் போட்டது. வன்முறை மிகுந்த விளையாட்டுகளைப் பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது, மீறினால் ஆயிரம் டாலர் வரை அபராதம், பெட்டியின்மேல் பெரிதாக 18 என்று ஒட்ட வேண்டும். எழுதியவர் ஜனநாயகக் கட்சியின் லேலண்ட் யீ, குழந்தை உளவியல் படித்தவர். கையெழுத்திட்டவர் குடியரசுக் கட்சி ஆளுநர் ஆர்னால்ட் ஷ்வார்ஸ்னேகர், துப்பாக்கியும் கையுமாகத் திரையில் நின்று உலகப் புகழ் பெற்றவர். கட்சி வேலியைத் தாண்டி இரண்டு பக்கமும் கைகோத்தன. விளையாட்டு நிறுவனங்களும் கடைக்காரர்களும் நீதிமன்றம் போனார்கள். கீழ் நீதிமன்றங்கள் சட்டத்தை நிறுத்திவைத்தன, மாநிலம் மேலே போனது. 2011 ஜூன் 27ஆம் தேதி தீர்ப்பு வந்தது. ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டம் செல்லாது.

தீர்ப்பை எழுதியவர் ஆன்டொனின் ஸ்காலியா. அதிபர் ரீகன் நியமித்தவர், அமெரிக்கப் பழமைவாதிகளின் மூத்த நீதிபதி. புத்தகம், நாடகம், திரைப்படம் போல விளையாட்டும் கருத்தைச் சொல்கிறது, ஆகவே பேச்சுரிமை அதற்கும் உண்டு என்றார். பிள்ளைகளிடமிருந்து வன்முறையை மறைக்கும் மரபு இந்த நாட்டில் என்றுமே இருந்ததில்லை என்றும் சொன்னார். சான்றாகக் காட்டியது கிரிம் சகோதரர்களின் கதைகளை. சிறுவனும் சிறுமியும் சேர்ந்து சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ளிக் கொல்லும் கதையைத்தான் தாய்மார் தூங்கும் நேரத்தில் சொல்லிவருகிறார்கள். மாநிலம் கொண்டுவந்த ஆய்வுகளையும் அவர் எடுத்துப் பார்த்தார். விளையாட்டால் உண்டாவதாகச் சொன்ன அதே சிறிய விளைவு, பக்ஸ் பன்னி கார்ட்டூன் பார்த்தாலும் உண்டாகிறது என்று ஆய்வு செய்தவரே ஒப்புக்கொண்டிருந்தார். பிறகு என் மனதுக்கு நெருக்கமான இடத்துக்கு வருகிறார். இந்தச் சட்டம் பெற்றோருக்கு உதவுகிறது என்கிறீர்கள். ஆனால் எல்லாப் பெற்றோரும் இதைக் கேட்கவில்லையே, பெற்றோர் எதை விரும்ப வேண்டும் என்று அரசு நினைக்கிறதோ அதைத்தான் நீங்கள் திணிக்கிறீர்கள் என்ற பொருளில் எழுதினார்.

அதே பெஞ்சில் இன்னும் மூன்று பழமைவாதிகள் இருந்தார்கள். சாமுவேல் அலிட்டோவும் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸும் சட்டத்தின் சொற்கள் தெளிவில்லாதவை என்பதால் மட்டும் அதைத் தள்ளினார்கள். படிப்பதும், தானே திரைக்குள் புகுந்து செய்வதும் ஒன்றல்ல, இந்தத் தொழில்நுட்பம் எங்கே போகும் என்று தெரியாமல் அவசரப்பட வேண்டாம் என்றார் அலிட்டோ. புதியதைக் கண்டால் ஒரு அடி பின்னால் நின்று யோசிக்கும் பழைய குணம் அது. அதையும் நான் மதிக்கிறேன். கிளாரன்ஸ் தாமஸ் ஒரேயடியாக எதிர்ப்பக்கம் போனார். அரசியலமைப்பை எழுதிய தலைமுறையில் பிள்ளைமேல் தந்தைக்கு முழு அதிகாரம் இருந்தது, ஆகவே பெற்றோரைத் தாண்டிப் பிள்ளையிடம் பேசும் உரிமை யாருக்கும் இருந்ததில்லை என்று பழைய நியூ இங்கிலாந்து வரலாற்றைப் பக்கம் பக்கமாக எடுத்துக்காட்டினார். எதிர்த்த இன்னொருவர் ஸ்டீவன் பிரேயர், அதிபர் கிளின்டன் நியமித்த தாராளவாதி. ஸ்காலியாவோடு சேர்ந்து கையெழுத்திட்டவர்களில் கின்ஸ்பர்க், சோட்டோமேயர், கேகன் என்ற மூன்று தாராளவாதிகள் இருந்தார்கள்.

கட்சி அட்டவணையை வைத்துக்கொண்டு இந்தத் தீர்ப்பை யாராலும் முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியாது. சுதந்திரம், எச்சரிக்கை, குடும்ப அதிகாரம் என்று மூன்று வகைப் பழமைவாதம் ஒரே மேசையில் உட்கார்ந்து மூன்று விதமாக எழுதியிருக்கிறது. மூன்றிலும் எனக்கு நிற்கத் தகுந்த இடமாகப் படுவது ஸ்காலியாவுடையதுதான். தாமஸ் சொன்ன குடும்ப அதிகாரத்தையும் காப்பாற்றும் வழி அதுதானே? அரசு விலகி நின்றால்தான் தாயும் தகப்பனும் முடிவெடுக்க இடம் இருக்கும். அரசே முடிவெடுத்துவிட்டால் பெற்றோர் வெறும் காவலாளியாகிவிடுவார்கள்.

இவ்வளவு தெளிவான தீர்ப்பு வந்த பிறகும் அந்த நாட்டு அரசியல்வாதிகள் பழைய இடத்துக்கே திரும்பினார்கள். 2018 பிப்ரவரியில் ஃப்ளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் துப்பாக்கிச் சூடு. 17 பேர் இறந்தார்கள். மார்ச் 8ஆம் தேதி அதிபர் டிரம்ப் விளையாட்டு நிறுவனத் தலைவர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 2019 ஆகஸ்டில் எல் பாசோவிலும் டேட்டனிலும் அடுத்தடுத்துக் கொலைகள் நடந்தபோது, நாட்டுக்கு ஆற்றிய உரையில் கொடூரமான வீடியோ கேம்களையும் காரணமாகச் சொன்னார். ஜப்பானிலும் தென்கொரியாவிலும் இதே விளையாட்டுகளை மக்கள் ஆடித் தீர்க்கிறார்கள். அங்கே பள்ளிகளில் இப்படிச் சவப்பெட்டிகள் அடுக்கப்படுவதில்லை. துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை தனிமனித சுதந்திரம் என்று நெஞ்சில் அடித்துச் சொல்லும் ஒரு கட்சி, திரைக்குள் இருக்கும் பொய்த் துப்பாக்கியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் இப்படி ஒரு பதிலைச் சொல்வது அநியாயம். அந்தக் கட்சிக்கே ஓட்டுப் போட்டுவிட்டு, வேலை முடிந்து வந்து நண்பர்களோடு இரண்டு மணி நேரம் 'கால் ஆஃப் ட்யூட்டி' ஆடும் லாரி ஓட்டுநர்களும் முன்னாள் சிப்பாய்களும் அந்த நாட்டில் நிறையப் பேர் உண்டு. தாங்கள் கொலைகாரர்களின் கூட்டம் இல்லை என்று தங்கள் கட்சித் தலைவருக்கே அவர்கள் சொல்ல வேண்டியிருந்தது.

அப்படியானால் விளையாட்டுத் தொழிலை அப்படியே விட்டுவிட வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டாம். கன்சர்வேட்டிவ் நண்பர்கள் பலர் வாய் திறக்காத இடம் ஒன்று இருக்கிறது.

லூட் பாக்ஸ் என்று ஒன்றைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கால்பந்து விளையாட்டில் ஒரு பொட்டலம் விற்கிறார்கள். உள்ளே எந்த வீரர் என்று தெரியாது. காசு கட்டியதும் விளக்கு சுழலும், ஒலி ஏறும், நாட்டுக் கொடி தெரியும், நெஞ்சு துடிக்கும், கடைசியில் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் சாதாரண வீரர் வருவார். இன்னொன்று வாங்கு என்று பொத்தான் மின்னும். எத்தனை பொட்டலத்துக்கு ஒரு நட்சத்திரம் என்பது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நம்மூரில் ஆன்லைன் ரம்மியில் குடும்பங்கள் சீரழிந்ததைப் பார்த்தவர்களுக்கு இது என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. இங்கே எலீட்டில் இருந்த சுதந்திரம் எதுவும் இல்லை. தேர்ந்தெடுப்பது போலத் தோன்றும், தேர்வு நிறுவனத்துடையது.

பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில் இதைச் சூதாட்டம் என்றே அறிவித்தது. அமெரிக்காவில் குடியரசுக் கட்சி செனட்டர் ஜோஷ் ஹாலி 2019இல் சிறுவர்களைக் குறிவைக்கும் இந்த வியாபாரத்தைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. பிரிட்டனிலோ 2022 ஜூலையில், ஜான்சன் இன்னும் பிரதமராக இருந்தபோது, அரசு விரிவாகக் கருத்துக் கேட்டு முடித்துவிட்டு, சட்டம் வேண்டாம், தொழில்துறையே தன்னைத் திருத்திக்கொள்ளட்டும் என்றது. விளையாட்டு மூளையை அழுகச் செய்யும் என்று எழுதியவரின் ஆட்சி, பிள்ளைகளின் பையில் கை வைப்பதற்குத் தடை போடவில்லை. அரசு நிற்க வேண்டிய இடம் இதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். திரையில் என்ன கதை, எவ்வளவு ரத்தம் என்பதை வீடு பார்த்துக்கொள்ளும். வீட்டால் கண்டுபிடிக்க முடியாதபடி கட்டிவைத்த பணப்பொறியை வீடு மட்டும் பார்த்துக்கொள்ள முடியாது. சந்தைக்கு எடைக்கல் வைப்பது அரசின் பழைய கடமை. எந்தப் பழமைவாதியும் அதை மறுக்க முடியாது.

இதைவிட அடிப்படையான ஒன்றும் இருக்கிறது. சொத்து. பழமைவாதத்தின் இதயம் அதுதான். சொந்த வீடு, சொந்தக் கடை, சொந்தப் பொருள் இருக்கும் மனிதன்தான் யாருக்கும் தலைகுனியாமல் நிற்பான் என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. 2014இல் 'த க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டு வந்தது. அமெரிக்கா முழுவதும் சுருக்கி வரைந்த ஒரு வரைபடத்தில் கார் ஓட்டிக்கொண்டே போகலாம். மக்கள் முழு விலை கொடுத்து வாங்கினார்கள். தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் சர்வரோடு இணைப்பு இருக்க வேண்டும் என்று அதைக் கட்டியிருந்தார்கள். 2024 மார்ச் 31ஆம் தேதி யூபிசாஃப்ட் நிறுவனம் அந்த சர்வரை நிறுத்தியது. விளையாட்டு செத்தது. அலமாரியில் இருக்கும் வட்டு வெறும் பிளாஸ்டிக். நீங்கள் வாங்கியது பொருளல்ல, உரிமம் மட்டுமே என்று விதிமுறையில் எங்கோ எழுதியிருந்தது.

அதை எதிர்த்துக் கிளம்பிய 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள். விளையாட்டை என்றென்றும் இலவசமாக நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. நிறுத்துகிற நாளில், வாங்கியவர் தன் கணினியில் தானே ஓட்டிக்கொள்ளும் வகையில் விட்டுவிட்டுப் போ என்றுதான் கேட்கிறார்கள். ஐரோப்பியக் குடிமக்கள் முன்முயற்சியாக அவர்கள் கொண்டுவந்த மனுவில் பத்து லட்சத்துக்கு மேல் கையெழுத்து சேர்ந்தது. பிரிட்டனில் ஒரு லட்சத்தைத் தாண்டி, 2025 நவம்பரில் நாடாளுமன்ற விவாதம் வரை போனது. அங்கே 2024இல் கன்சர்வேட்டிவ் ஆட்சி தந்த பதிலும், அடுத்து வந்த தொழிற்கட்சி ஆட்சி தந்த பதிலும் சாரத்தில் ஒன்றுதான்: பழைய மென்பொருளைத் தொடர்ந்து நடத்த வேண்டும் என்று சட்டத்தில் கட்டாயம் இல்லை. கலிஃபோர்னியா மட்டும் 2024இல் ஒரு சட்டம் போட்டு, உரிமத்தை மட்டும் விற்கிறவர்கள் அதை வாங்குபவரிடம் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது. 2025 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது.

விற்பவன் சொல்லிவிட்டால் போதும் என்று நான் நினைக்கவில்லை. வாடகைக்கு இருந்தவரை வீட்டுக்குச் சொந்தக்காரராக்கியதைத் தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கட்சி, காசு கொடுத்து வாங்கிய பொருளின் சொந்தக்காரரை வாடகைக்காரராக்கும் இந்த வியாபாரத்தை எப்படிச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியும்? ரத்தத்தின் நிறத்தைப் பற்றி நாற்பது ஆண்டு சண்டை போட்ட நேரத்தில் கொஞ்சத்தை இதற்குச் செலவழித்திருக்கலாம். இன்னும் நேரம் போய்விடவில்லை. அந்தக் கட்சிகளுக்கு ஓட்டுப் போடுகிறவர்களிலேயே லட்சக்கணக்கானவர்கள் இரவில் இந்த விளையாட்டுகளை ஆடுகிறார்கள். வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது: நான் வாங்கியது எனக்குச் சொந்தமா, இல்லையா? இதே கேள்வியை நாமும் நம் ஊரில், நம் மொழியில், எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் கேட்கலாம். இங்கே விற்கும் விளையாட்டுகளிலும் அதே உரிம விதிமுறைதான் இருக்கிறது.